வேர்டில் ஒழுங்காக இருந்த கட்டுரை வலையில் ஏன் சிதறுகிறது?

வேர்டு கோப்பில் இருக்கும் கட்டுரையை அப்படியே நகலெடுத்து வலைப்பதிவில் ஒட்டினால் என்ன ஆகும் என்பது வலையில் எழுதுகிற எல்லாருக்கும் தெரியும். ஒரு பத்தி பெருத்து நிற்கும், அடுத்த பத்தி சிறுத்துப் போயிருக்கும். கவிதையின் ஒவ்வொரு வரிக்கும் நடுவே ஒரு பெரிய இடைவெளி விழுந்திருக்கும். படம் இருந்த இடத்தில் காலிக் கட்டம். அட்டவணை திரைக்கு வெளியே ஓடிப்போயிருக்கும். சில நேரம் எழுத்தே தமிழாக இருக்காது.

நண்பர்களின் கட்டுரைகளையும் மூத்த எழுத்தாளர்கள் சிலரின் பழைய கோப்புகளையும் வலையேற்றித் தருகிற வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். கோப்பு யாரிடமிருந்து வந்தாலும் கொஞ்ச நாளில் தொலைபேசியில் ஒரு கேள்வி வந்துவிடும்: “தம்பி, என் கம்ப்யூட்டர்ல நல்லாத்தானே இருக்கு. நெட்ல போட்டா மட்டும் ஏன் இப்படி ஆகுது?” நியாயமான கேள்வி. ஒவ்வொருவருக்கும் துண்டு துண்டாகச் சொல்லிவந்த பதிலை இங்கே முழுதாக எழுதிவைக்கிறேன்.

சுருக்கமாகச் சொன்னால், ஒரு கட்டுரையிலிருந்து வலைக்குப் போக வேண்டியவை இரண்டு: சரியான எழுத்து, சரியான கட்டமைப்பு. எழுத்துரு, அளவு, நிறம், ஓரம் எல்லாம் வேர்டிலேயே தங்கிவிட வேண்டும். இந்த வரிசையில் வேலை செய்தால் பாதிச் சிக்கல் வரவே வராது.

தாளுக்கு ஒரு கணக்கு, திரைக்கு ஒரு கணக்கு

வேர்டு, தாளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட மென்பொருள். ஏ4 தாள் என்றால் 21 செ.மீ. அகலம், 29.7 செ.மீ. உயரம். அதற்குள் எந்த வரி எங்கே முடிகிறது, எந்தப் படம் எங்கே உட்காருகிறது என்பதெல்லாம் அதற்கு முக்கியம். வலைப்பக்கத்துக்குத் தாளே கிடையாது. ஒரே கட்டுரையை ஒருவர் பேருந்தில் நின்றுகொண்டு கைப்பேசியில் படிப்பார், இன்னொருவர் அலுவலகத்தில் அகலத் திரையில் படிப்பார். அந்தந்தத் திரைக்கு ஏற்ப வரிகளை மடித்துக்கொள்வது உலாவியின் பொறுப்பு. இது தலைப்பு, இது பத்தி, இது மேற்கோள், இது பட்டியல் என்று சொல்லிவிட்டால் போதும். எச்டிஎம்எல்லின் அடிப்படை வேலையே அதுதான்.

வேர்டிலிருந்து நகலெடுக்கும்போது நமக்குத் தெரிகிற சொற்கள் மட்டும் வருவதில்லை. ஒவ்வொரு பத்தியோடும் எழுத்துருவின் பெயர், அளவு, நிறம், வரி இடைவெளி, ஓர அளவு எல்லாம் ஒட்டிக்கொண்டு வருகின்றன. ஒட்டிய பதிவின் எச்டிஎம்எல் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ‘எம்எஸ்ஓ’ என்று தொடங்கும் குறிகள் வரிசையாக நிற்கும். மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் தன் தேவைக்காக எழுதிவைத்த குறிப்புகள் அவை. உலாவிக்கு அவற்றால் எந்தப் பயனும் இல்லை.

எழுத்துரு, அளவு, நிறம் போன்ற மற்றக் குறிப்புகள் உங்கள் வலைப்பதிவின் வார்ப்புருவோடு மோதுகின்றன. வார்ப்புரு ஓர் அளவைச் சொல்ல, ஒட்டிய பத்தி ‘லதா எழுத்துரு, 11 புள்ளி’ என்று சொல்லும். பத்தியில் எழுதியிருப்பதுதான் வெல்லும். கறுப்பு நிறம் இன்னும் மோசம். எழுத்தின் நிறம் கறுப்பு என்ற குறிப்பும் கூடவே வந்துவிட்டால், இருள் பயன்முறையில் படிக்கிறவருக்குக் கறுப்புப் பின்னணியில் கறுப்பு எழுத்துதான் கிடைக்கும். எழுதியவருக்கு அது தெரியவே வராது, ஏனென்றால் அவர் திரை வெள்ளை.

பத்தியின் தொடக்கத்தில் ஸ்பேஸ் பாரை ஐந்தாறு முறை தட்டி இடம் விடுவது தட்டச்சுப் பொறிக் காலத்துப் பழக்கம். எச்டிஎம்எல்லில் அடுத்தடுத்து எத்தனை வெற்றிடம் இருந்தாலும் உலாவி ஒன்றாகத்தான் காட்டும். டேப் அழுத்தி நேர்ப்படுத்திய வரிகளுக்கும் அதே கதிதான். இப்படி நிற்க வைத்த எதுவும் வலையில் நிற்காது.

முதலில் எழுத்தைப் பாருங்கள்

தமிழ்க் கோப்புகளுக்கு இருக்கும் தனிச் சிக்கல் இது. 1991இல் வந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. விண்டோஸ் 2000இல் லதா எழுத்துருவோடு தமிழ் யூனிகோட் கணினிகளுக்கு வந்தது. அதற்கு முன்பு எழுத்துரு செய்தவர்கள் ஆளுக்கொரு குறியீட்டைப் பின்பற்றினார்கள். டிஸ்கி என்ற குறியீடு வந்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி டாம், டாப் குறியீடுகள் வந்தன. இலங்கையிலும் புலம்பெயர்ந்தோர் நடுவிலும் பாமினி பரவியது. யூனிகோட் வந்த பிறகும் பழையவை மறையவில்லை. அச்சுக்கு எல்லாரும் நம்பியிருந்த பேஜ்மேக்கரில் யூனிகோட் தமிழ் வேலை செய்யாது என்பதால், இதழ்களும் பதிப்பகங்களும் பழைய எழுத்துருக்களிலேயே தொடர்ந்தன. 2010இல்தான் தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது.

பாமினியில் அடித்த கோப்பில் உண்மையில் தமிழ் எழுத்து கிடையாது. ‘ம்’ என்று நீங்கள் பார்ப்பது ஆங்கிலக் ‘கே’ எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும்தான். பாமினி எழுத்துரு இருக்கிற கணினியில் அது தமிழாகத் தெரியும். வலையில் ஒட்டியதும் முகமூடி கழன்றுவிடும்.

இதற்கு மாற்றிகள் இருக்கின்றன. சுரதா யாழ்வாணனின் பொங்குதமிழ் மாற்றியும், நியூ ஹொரைசன் மீடியா வெளியிட்ட என்எச்எம் கன்வெர்ட்டரும் பலருக்கும் பழக்கமானவை. இரண்டும் இலவசமாகக் கிடைத்தவை. அவற்றைச் செய்தவர்களுக்குத் தமிழ் வலை பெரிய கடன்பட்டிருக்கிறது.

ஆனால் மாற்றிக்குள் முழுக் கோப்பையும் போட்டுவிடாதீர்கள். கட்டுரைக்கு நடுவே ஆங்கிலத்தில் ஒரு நூற்பெயரோ மின்னஞ்சல் முகவரியோ இருந்தால், மாற்றி அதையும் பாமினி என்று எடுத்துக்கொண்டு பொருளற்ற தமிழாக மாற்றிவிடும். பாமினியில் காற்புள்ளி விசை ‘இ’ எழுத்துக்கு உரியது, அதனால் ஆங்கிலப் பகுதியில் இருந்த காற்புள்ளிகள் எல்லாம் ‘இ’ ஆகிவிடும். வேர்டிலேயே ஒரு பாமினிச் சொல்லைத் தெரிவு செய்து, ‘ஒரே வடிவில் உள்ள எல்லாவற்றையும் தெரிவு செய்’ என்ற வசதியைப் பயன்படுத்தினால் எது பாமினி, எது ஆங்கிலம் என்று பிரிந்து தெரியும். ஆங்கிலப் பகுதிகளைத் தனியே எடுத்துவைத்துவிட்டு மாற்றுங்கள்.

கண் கண்டுபிடிக்காத பிழைகள்

யூனிகோடில் இருக்கிற கோப்பாக இருந்தாலும் எழுத்து சரியாக இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. பழைய தட்டச்சுப் பழக்கத்திலும் மாற்றிகளின் வழியாகவும் வருகிற சில பிழைகள் கண்ணில் படவே படாது.

முதலாவது, ‘ர்’ வர வேண்டிய இடத்தில் துணைக்காலும் அதன்மேல் புள்ளியும் இருப்பது. ‘அவர்கள்’, ‘அவா்கள்’ இரண்டையும் பாருங்கள். பல எழுத்துருக்களில் வேறுபாடே தெரியாது. ‘பரிசு’ என்பது ‘பாிசு’ என்று இருக்கும். கண் ஏமாறும், கணினி ஏமாறாது. அதற்கு இவை வேறு வேறு சொற்கள். கட்டுரையில் எத்தனை ‘அவர்கள்’ இருந்தாலும், சரியான எழுத்தில் தேடுகிறவருக்கு ஒன்றும் அகப்படாமல் போகலாம். இதைத் திருத்துவது எளிது. துணைக்காலுக்குப் பிறகு புள்ளியோ, இகர ஈகாரக் கொக்கியோ தமிழில் வரவே வராது. ஆகவே ‘ா்’ என்பதை ‘ர்’ என்றும், ‘ாி’ என்பதை ‘ரி’ என்றும், ‘ாீ’ என்பதை ‘ரீ’ என்றும் கண்ணை மூடிக்கொண்டு மொத்தமாக மாற்றலாம்.

இரண்டாவது ஔகாரம். ‘கௌரவம்’ என்பதை ஒற்றைக்கொம்பு போட்டு, பக்கத்தில் ‘ள’ அடித்து ‘கெளரவம்’ என்று எழுதிவிடுகிறார்கள். ‘ஔவையார்’ இப்படித்தான் ‘ஒளவையார்’ ஆகிறார். இதை மொத்தமாக மாற்றவே மாற்றாதீர்கள். வெள்ளம், தெளிவு, வெளி, ஒளி எல்லாவற்றிலும் முறையான ‘ள’ இருக்கிறது. ஒரே சொடுக்கில் அவை அத்தனையும் கெட்டுப்போகும். மௌனம், பௌர்ணமி, கௌதமர், சௌந்தரம் என்று ஒவ்வொரு சொல்லாகத் தேடித்தான் மாற்ற வேண்டும். நேரம் எடுக்கும், ஆனால் குறுக்குவழி இல்லை.

மூன்றாவது, பிடிஎஃப் கோப்பிலிருந்து நகலெடுத்த தமிழ். பெரும்பாலான பிடிஎஃப்களில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிக்கப்பட்டிருக்கும். ‘கொ’ என்பதை நகலெடுத்தால் கொம்பு முன்னால் வந்து, ‘க’ நடுவில் நின்று, கால் தனியாகத் தொங்கும். அதனால்தான் கட்டுரை அனுப்புகிறவர்களிடம் எப்போதும் கேட்கிறேன்: பிடிஎஃப் வேண்டாம், வேர்டு கோப்பையே அனுப்புங்கள்.

பழைய தளத்திலிருந்து புதிய தளத்துக்கு மாறும்போது எழுத்துகள் இன்னொரு விதமாகவும் சிதையும். தலையில் கோடு போட்ட ஆங்கில ‘ஏ’யும், அதையடுத்து வட்டத்துக்குள் ‘ஆர்’ குறியும் பக்கமெங்கும் திரும்பத் திரும்ப வந்தால் பதறாதீர்கள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. அந்த மூன்றையும் மூன்று தனி எழுத்துகள் என்று எண்ணி எங்கோ ஒரு நிரல் படித்திருக்கிறது. குறியீட்டைச் சரியாக அறிவித்தால் தமிழ் திரும்பக் கிடைக்க வாய்ப்பு உண்டு. பக்கம் முழுக்க வெறும் கேள்விக்குறிகள் இருந்தால் நிலைமை வேறு. தரவுதளத்தில் சேமிக்கும்போதே எழுத்து தொலைந்துபோயிருக்கலாம். அப்படியானால் மூலக் கோப்பு ஒன்றுதான் வழி. ஆகவே வலையேற்றிய பிறகும் மூலக் கோப்பை அழிக்காதீர்கள்.

அடுத்தது கட்டமைப்பு

எழுத்து சரியான பிறகு, வேர்டை விட்டு வெளியே வருவதற்கு முன்பே கட்டமைப்பைச் சரிசெய்யுங்கள். முதலில் கண்ட்ரோல், ஷிஃப்ட், 8 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். மறைந்திருக்கும் பத்திக் குறிகள், வரிமுறிவுகள், டேப்கள், வெற்றிடங்கள் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். கோப்பின் உண்மை நிலை அப்போதுதான் புரியும்.

துணைத்தலைப்பைத் தடித்த எழுத்தாக்கி அளவைக் கூட்டினால் அது தலைப்பு ஆகாது. வேர்டில் இருக்கும் ‘ஹெட்டிங்’ பாணிகளைப் பயன்படுத்த வேண்டும். கண்ட்ரோல், ஆல்ட்டோடு 2ஐ அழுத்தினால் அந்த வரி இரண்டாம் நிலைத் தலைப்பாகிவிடும். பதிவின் தலைப்பே முதல் நிலை என்பதால் உள்ளே இரண்டிலிருந்து தொடங்குவது நல்லது.

இந்த வேறுபாடு யாருக்கு முக்கியம் என்று கேட்கலாம். பார்வையற்ற வாசகருக்கு முக்கியம். என்விடிஏ போன்ற திரைவாசிப்பான்களில் ஒரு விசையை அழுத்தினால் அடுத்த தலைப்புக்குத் தாவலாம். நீண்ட கட்டுரையில் தனக்கு வேண்டிய பகுதிக்குப் போக அவருக்கு இருக்கிற வழி அது. தடித்த எழுத்தில் போட்ட போலித் தலைப்பு அவருக்கு வெறும் இன்னொரு வரிதான். பாமினி எழுத்தில் ஏற்றிய பக்கமோ அவருக்குப் பொருளற்ற ஒலிக்குவியல். இந்த வேலையை ஒழுங்காகச் செய்வதற்கு இந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

பத்திகளைப் பிரிக்க எண்டரை இரண்டு முறை தட்டியிருந்தால், தேடி மாற்றும் பெட்டியில் ^ குறியோடு ஆங்கிலச் சிறிய ‘பி’ சேர்த்து இரண்டு முறை எழுதி, அதை ஒன்றாக மாற்றுங்கள். பத்தி இடைவெளியை வலைப்பதிவின் வார்ப்புரு பார்த்துக்கொள்ளும். சிலர் ஒவ்வொரு வரியின் முடிவிலும் எண்டர் தட்டியிருப்பார்கள். அதை அப்படியே விட்டால் கைப்பேசியில் வரிகள் பாதியில் ஒடிந்து நிற்கும். அங்கே மொத்த மாற்றம் உதவாது. உண்மையான பத்தி எங்கே முடிகிறது என்று படித்துப் பார்த்துத்தான் வரிகளைச் சேர்க்க வேண்டும்.

கவிதைக்கு இதன் மறுபக்கம். ஒவ்வொரு அடியின் முடிவிலும் எண்டர் தட்டினால் ஒவ்வொரு அடியும் தனிப் பத்தியாகிவிடும், நடுவே பெரிய இடைவெளி விழும். அடி முடிகிற இடத்தில் ஷிஃப்ட்டோடு சேர்த்து எண்டர் தட்டுங்கள். கண்ணி முடிகிற இடத்தில் மட்டும் வெறும் எண்டர். வேர்ட்பிரஸில் ‘வெர்ஸ்’ என்று கவிதைக்கென்றே ஒரு கட்டம் இருக்கிறது. அதில் வெற்றிடங்களும் வரிமுறிவுகளும் இருக்கிறபடியே நிற்கும். செய்யுளின் தனிச்சொல்லையும் உள்தள்ளலையும் காப்பாற்ற அது நல்ல வழி.

ஒட்டுவதற்கு மூன்று வழிகள்

கட்டுரை சின்னது, சாய்வெழுத்தோ இணைப்போ இல்லை என்றால், கண்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் அழுத்தி வெற்றுரையாக ஒட்டுங்கள். குப்பை எதுவும் வராது. தலைப்புகளை மட்டும் அங்கேயே குறித்துக்கொள்ளலாம்.

சாய்வெழுத்து, இணைப்பு, பட்டியல் எல்லாம் இருந்தால் வெற்றுரை உதவாது, அவையும் போய்விடும். 2018 டிசம்பரில் வேர்ட்பிரஸ் 5.0வோடு வந்த கட்டத் தொகுப்பான் இங்கே கைகொடுக்கும். வேர்டிலிருந்து ஒட்டும்போது அது பெரும்பாலான குப்பையை நீக்கிவிட்டு, தலைப்பைத் தலைப்பாகவும் பட்டியலைப் பட்டியலாகவும் எடுத்துக்கொள்ளும். வேர்டில் பாணிகளை ஒழுங்காகப் பயன்படுத்தியிருந்தால்தான் இது நடக்கும். பிளாக்கரில் அந்த அளவுக்குச் சுத்தம் செய்யும் ஏற்பாடு இல்லை. ஒட்டிய பிறகு ‘வடிவமைப்பை நீக்கு’ பொத்தானை அழுத்திவிட்டு, ஒருமுறை எச்டிஎம்எல் பக்கத்தையும் பார்த்துவிடுங்கள்.

முழு நூலையோ, இதழின் பழைய தொகுப்புகளையோ ஏற்றுகிறவர்களுக்கு நான் சொல்வது பாண்டாக். ஜான் மெக்ஃபார்லேன் என்ற மெய்யியல் பேராசிரியர் 2006இல் வெளியிட்ட இலவச மென்பொருள் அது. வேர்டு கோப்பைக் கொடுத்தால் தலைப்பு, பத்தி, சாய்வு, அடிக்குறிப்பு, அட்டவணை ஆகியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு தூய எச்டிஎம்எல் தரும். எழுத்துருவையும் அளவையும் அது கண்டுகொள்வதே இல்லை. கட்டளை வரியில் இயக்க வேண்டும் என்பதால் முதலில் தயக்கமாக இருக்கும். பழகிவிட்டால் ஒரு நூலின் எல்லா இயல்களையும் ஒரே கட்டளையில் மாற்றிவிடலாம்.

படம், அடிக்குறிப்பு, அட்டவணை

கட்டுரையோடு படத்தையும் சேர்த்து ஒட்டினால் சில தொகுப்பான்கள் உங்கள் கணினியின் சி டிரைவில் இருக்கும் முகவரியையே பதிவில் எழுதிவைக்கும். உங்களுக்குப் படம் தெரியலாம், ஊருக்குத் தெரியாது. படங்களைத் தனியாக ஏற்றுவதுதான் சரி. படங்கள் கோப்புக்குள் மட்டும் இருந்தால், டாக்எக்ஸ் கோப்பின் நகல் ஒன்றை எடுத்து, அதன் பின்னொட்டை ஜிப் என்று மாற்றித் திறங்கள். டாக்எக்ஸ் என்பதே ஒரு ஜிப் பொதிதான். உள்ளே ‘வேர்டு’ என்ற உறையில் ‘மீடியா’ என்ற உறை இருக்கும். எல்லாப் படங்களும் அங்கே கிடைக்கும். ஏற்றும்போது ஒவ்வொரு படத்துக்கும் தமிழில் ஒரு வரி விளக்கம் எழுதுங்கள்.

அடிக்குறிப்புகளை ஒட்டினால் வேர்டு அவற்றுக்கு ஒன்று, இரண்டு என்று தானே பெயர் வைத்துக்கொண்டு வரும். ஒரே பக்கத்தில் பல பதிவுகள் முழுதாகத் தெரியும் வலைப்பதிவாக இருந்தால் எல்லாப் பதிவிலும் அதே பெயர்கள் இருக்கும். மூன்றாவது கட்டுரையின் குறிப்பெண்ணைச் சொடுக்கினால் முதல் கட்டுரையின் குறிப்புக்குப் போய் நிற்கும். ஒவ்வொரு பதிவுக்கும் அந்தப் பெயர்களோடு ஒரு தனிச் சொல்லைச் சேர்த்துவிட்டால் தீரும்.

அட்டவணையில் வேர்டு எழுதிவைத்த அகல அளவுகளை எல்லாம் நீக்குங்கள். நெடுவரிசைகள் நான்கைந்துக்கு மேல் போனால் கைப்பேசியில் எப்படியும் நெருக்கும். இரண்டு சிறு அட்டவணைகளாகப் பிரிப்பதோ, பட்டியலாக எழுதுவதோ வாசகருக்கு உதவும்.

பத்தியை இருபுறமும் நேர்ப்படுத்துவதையும் விட்டுவிடுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஒடுங்கிய திரையில் ஒரு வரிக்கு மூன்று சொற்கள்தான் கொள்ளும். அவற்றை இரு ஓரத்துக்கும் இழுத்தால் நடுவே பள்ளம் விழும். இடப்பக்கம் மட்டும் நேராக இருக்கட்டும். வரி இடைவெளி தாராளமாக இருக்கட்டும். மேலே எழும் கொக்கியும் கீழே இறங்கும் உகரச் சுழியும் ஒன்றையொன்று இடிக்கக் கூடாது.

வெளியிடும் முன்

பதிவைக் கைப்பேசியில் ஒருமுறை முழுதாகப் படியுங்கள். இருள் பயன்முறைக்கு மாற்றிப் பாருங்கள். உலாவியின் தேடலில் ‘அவர்கள்’ போன்ற சொல் ஒன்றை உங்கள் விசைப்பலகையில் அடித்து, கட்டுரையில் இருக்கும் எல்லா இடங்களிலும் அகப்படுகிறதா என்று பாருங்கள். பக்கத்தின் மொழி தமிழ் என்று வார்ப்புருவில் அறிவித்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். திரைவாசிப்பான் தமிழ்க் குரலைத் தேர்ந்தெடுக்க அந்த அறிவிப்பு துணைசெய்யும்.

எழுதுகிற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். புதிதாக எழுதுவதை யூனிகோடிலேயே எழுதுங்கள். தலைப்புக்குப் பாணியைப் பயன்படுத்துங்கள். வெற்றிடம் தட்டி அழகுபடுத்தாதீர்கள். பாமினியிலோ வேறு பழைய எழுத்துருக்களிலோ எழுதிய கட்டுரைகள் உங்கள் கணினியில் இருந்தால், அந்த எழுத்துருவும் அதைப் படிக்கும் கணினியும் கையில் இருக்கும்போதே மாற்றி, பிழை பார்த்து, வலையேற்றிவிடுங்கள். பழைய சிற்றிதழ் ஒன்றின் கோப்புகளை வைத்திருப்பவர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், இந்த வாரமே அவரோடு உட்கார்ந்து முதல் கோப்பைத் திறந்து பாருங்கள்.